பழைய போர் விமானம்: பறக்கவிடுவதா, நூதனசாலையில் வைப்பதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் கராஜ்காரன். யாழ்ப்பாணத்தில் அப்பா தொடங்கிய கராஜில் முப்பது வருடமாகப் பழைய கார்களோடு கிடக்கிறேன். விமானம் எனக்கு வேலையல்ல, பைத்தியம். கராஜ் சுவரில் ஒட்டியிருக்கும் லங்காஸ்ரர் படத்தைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் இருக்கும். இரண்டாம் உலகப் போரில் பறந்து இன்றைக்கு மிஞ்சியிருக்கும் விமானங்களைத் திருத்திப் பறக்கவிடுவது நல்லதா, கூரைக்குக் கீழே வைத்துப் பாதுகாப்பது நல்லதா என்பதில்தான் எல்லாம் வந்து முடியும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வறண்டுபோனதால் எழுதி வைக்கிறேன்.

இதில் சண்டைபிடிக்க என்ன இருக்கிறது?

விமானம் பறப்பதற்காகச் செய்யப்பட்டது, தரையில் நின்றால் அது வெறும் பாத்திரம் என்பது ஒரு பக்கத்தின் வாதம். இனி இப்படி ஒன்று செய்யப்படப் போவதில்லை, இருப்பதையும் ஆகாயத்தில் கொண்டுபோய் உடைத்தால் பேரப்பிள்ளைகளுக்கு எதைக் காட்டுவது என்று மற்றப் பக்கம் கேட்கும்.

கணக்கைப் பார்த்தால் இரண்டு பக்கத்தின் பதற்றமும் விளங்கும். லங்காஸ்ரர் குண்டுவீச்சு விமானம் 7,377 செய்யப்பட்டது. இன்று பறக்கக்கூடியவை இரண்டு: ஒன்று இங்கிலாந்தில் கொனிங்ஸ்பியில், மற்றது கனடாவில் ஹமில்ரனில். அமெரிக்காவின் பி-29 குண்டுவீச்சு விமானம் ஏறத்தாழ 4,000 செய்யப்பட்டது. பறப்பவை அதிலும் இரண்டுதான். ஹலிபக்ஸ் என்ற இன்னொரு குண்டுவீச்சு விமானம் ஆறாயிரத்துக்கு மேல், பறப்பது ஒன்றுகூட இல்லை. ஸ்ரேர்லிங் என்ற நாலு எஞ்சின் குண்டுவீச்சு விமானத்தில் முழுசாக ஒன்றுகூட உலகத்தில் மிஞ்சவில்லை. ஸ்பிற்ஃபயர் என்ற சண்டை விமானம்தான் அதிர்ஷ்டக்காரன். இருபதாயிரத்துக்கு மேல் செய்யப்பட்டு, பல பத்து இன்னும் பறக்கின்றன.

யாழ்ப்பாணத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

பலாலி ஓடுபாதையே தொடர்புதான். 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தபோது எல்லாரும் சென்னைக்குப் போகும் பிளேனைப் பற்றித்தான் கதைத்தோம். அந்த ஓடுபாதையை முதலில் போட்டது இரண்டாம் உலகப் போர்க்காலப் பிரித்தானிய விமானப்படை. காங்கேசன்துறை என்றுதான் அவர்களுடைய பதிவுகளில் பெயர் இருக்கும். 1945இல் அவர்களின் 203ஆம் ஸ்குவாட்ரன் லிபரேற்றர் என்ற குண்டுவீச்சு விமானங்களோடு இங்கே நின்று வங்காள விரிகுடாவைக் காவல் பார்த்தது. நாலு எஞ்சின், தடித்த உடம்பு, நீண்டு மெலிந்த இறக்கை. கீரிமலைக்கு மேலால் அது தாழப் பறந்ததைக் கற்பனை செய்து பாருங்கள்.

அதற்கு முன்னர், 1942 ஏப்ரல் 5 அன்று ஜப்பானியர் கொழும்பைத் தாக்கினார்கள். 9ஆம் திகதி திருகோணமலையை. எதிர்த்துப் போனவற்றில் பெரும்பாலானவை ஹரிக்கேன் என்ற பிரித்தானியச் சண்டை விமானங்கள். கொழும்பில் குதிரைப் பந்தயத் திடலையே ஓடுபாதையாக்கிப் பறந்தார்கள். திருகோணமலையில் சீனன்குடாவில் இருந்து எழும்பினார்கள். ஜப்பானியக் கப்பற்படை வருவதை ஏப்ரல் 4 அன்றே கண்டு செய்தி அனுப்பியது கொக்கலையில் இருந்து போன ஒரு கற்றலீனா கடல் விமானம்.

இன்னொரு தொடர்பும் உண்டு, இது என் தொழிலோடு ஒட்டியது. யாழ்ப்பாணத்து ஏ40 காரைச் செய்த அதே ஒஸ்ரின் கம்பனிதான் போர்க்காலத்தில் லங்காஸ்ரரும் ஹரிக்கேனும் செய்தது. ஏ40இன் பொனற்றைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு அது ஞாபகம் வரும்.

பறக்கவிட்டால் என்ன கெட்டுப்போகும்? கவனமாக ஓட்டினால் சரிதானே?

கவனமாக ஓட்டியவர்கள்தான் விழுந்தார்கள். அதுதான் கவலை.

1996 ஜூலையில் மான்செஸ்ரருக்குப் பக்கத்தில் பார்ட்டனில் மொஸ்கிற்றோ என்ற பிரித்தானியப் போர் விமானம் ஒன்று காட்சிப் பறப்பின்போது விழுந்தது. இருவர் இறந்தார்கள். உலகத்தில் பறந்துகொண்டிருந்த கடைசி மொஸ்கிற்றோவும் அதோடு போயிற்று. 2019 ஒக்டோபரில் அமெரிக்காவில் கனெக்டிகட்டில் பயணிகளை ஏற்றிப் பறந்த ஒரு பி-17 குண்டுவீச்சு விமானம் விழுந்து ஏழு பேர் இறந்தார்கள். 2022 நவம்பரில் டலஸ் காட்சியில் இன்னொரு பி-17ஓடு ஒரு சண்டை விமானம் நடு ஆகாயத்தில் மோதி ஆறு பேர். 2024 மேயில் பிரித்தானிய விமானப்படையின் நினைவுப் பறப்புப் பிரிவின் ஸ்பிற்ஃபயர் ஒன்று விழுந்து விமானி இறந்தார். 1957இல் இருந்து இயங்கிவரும் பிரிவு அது. பராமரிப்புக்குப் பெயர்போனது.

இதிலெல்லாம் என் மனதில் நிற்பது 'பிளாக் 6' என்ற மெசர்ஸ்மிற் 109. 1942இல் லிபியாவில் பிடிபட்ட ஜெர்மன் சண்டை விமானம். ஒரு சிறு கூட்டம் ஓய்வு நேரத்தில் கிட்டத்தட்ட இருபது வருடம் வேலை செய்து 1991இல் பறக்கவிட்டது. சில வருடம் பறந்தபின் ஓய்வு கொடுப்பதாகத்தான் திட்டம். 1997 ஒக்டோபரில், ஓய்வுக்கு முந்திய கடைசிக் காட்சியில், இங்கிலாந்தில் டக்ஸ்ஃபோர்ட்டில் தரையிறங்கும்போது வயலுக்குள் போய்த் தலைகீழாகக் கவிழ்ந்தது. விமானி தப்பினார். விமானத்தை மறுபடி திருத்தினார்கள், ஆனால் இனிப் பறக்காது என்று நூதனசாலையில் வைத்தார்கள். கடைசி ஓட்டத்தில் சறுக்கிய தேர் மாதிரி.

விழாவிட்டாலும் தேய்மானம் இருக்கிறது. பறக்க அனுமதி வேண்டுமென்றால் பழைய தகடு, பழைய ஆணி, பழைய வயர் எதையும் 'பாவம்' என்று விட்டுவைக்க முடியாது. வெடிப்புத் தெரிந்தால் கழற்ற வேண்டும், துரு தெரிந்தால் வெட்ட வேண்டும். இறக்கையின் முதுகெலும்பு போன்ற ஸ்பார் களைத்துப்போனால் முழுசாகவே மாற்ற வேண்டும். ஒவ்வொரு சர்வீசிலும் 1940 கொஞ்சம் கொஞ்சமாகக் குப்பைத் தொட்டிக்குப் போகும், புதுசு உள்ளே வரும்.

அப்படியென்றால் நூதனசாலையில் வைத்தால் பத்திரம்தானே?

பூட்டி வைத்தால் பத்திரம் என்று நினைப்பது நகைக்கு மட்டும்தான் சரி. அதுகூட எங்கள் ஊரில் சந்தேகம்.

1978இல் சான் டியாகோ விமான நூதனசாலை எரிந்தது. பல பத்து விமானங்கள் ஒரே இரவில் சாம்பல். 1990இல் பாரிசுக்குப் பக்கத்தில் பிரெஞ்சு விமான நூதனசாலையின் களஞ்சியம் ஒன்று எரிந்தது. ஓரிடத்தில் கூட்டி வைத்தால் ஒரு நெருப்புக்குச்சி போதும்.

நெருப்பு இல்லாவிட்டாலும், வெளியில் கம்பத்தில் ஏற்றி 'வாசல் அலங்காரமாக' நிறுத்திய விமானங்களின் கதை துக்கமானது. மழைத்தண்ணி இறக்கைக்குள் தேங்கும், குருவி கூடு கட்டும், உப்புக்காற்று அலுமினியத்தை வெள்ளைப் பொடியாக்கும். கடற்கரையில் இருந்து கூப்பிடு தூரத்தில் கார் வைத்திருப்பவருக்கு நான் இதை விளக்கத் தேவையில்லை. பெயின்ற் பளபளப்பாகத்தான் இருக்கும், விரலால் அமுக்கினால் உள்ளே போகும்.

உள்ளே வைத்தாலும் வேலை உண்டு. எண்ணெய், எரிபொருள் எல்லாம் வடிக்க வேண்டும். பாரம் ரயரில் நிற்காமல் ஜக் கொடுக்க வேண்டும், ஈரப்பதத்தைக் கட்டுக்குள் வைக்க வேண்டும், வெயில் படாமல் பார்க்க வேண்டும். அப்புறம் ஒன்று பலருக்குத் தெரியாது: பழைய விமானங்களின் மீற்றர் முள் இருட்டில் ஒளிர ரேடியம் பூசியிருந்தார்கள். ஒளி எப்போதோ செத்துவிட்டது, கதிர்வீச்சு சாகவில்லை. சந்தையில் பழைய விமான மீற்றர் கிடைத்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கப் போகாதீர்கள்.

எல்லாத்தையும் மாற்றினால் அது 'ஒறிஜினல்' ஆகுமா?

இந்தக் கேள்வியை யாழ்ப்பாணத்தான் கேட்கக் கூடாது. நாங்கள்தான் இதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள்.

1990களில் போரால் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் பெற்றோல் கிடையாது. ஏ40, மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்ஃபோர்ட் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. சின்னப் போத்தலில் நாலு துளி பெற்றோல் வைத்திருப்போம். காபரேற்றருக்குள் அதைச் சொட்டவிட்டு ஸ்ரார்ட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். பின்னால் வெள்ளைப் புகை, ஒழுங்கை முழுக்க அடுப்படி மணம். உதிரிப்பாகமும் வராது. பிஸ்ரன் ரிங்கை வேறு எதிலோ இருந்து எடுத்துத் தேய்த்துப் போட்டோம், புஷ்ஷைக் கடைந்து செய்தோம், சீற்றை மாட்டுத்தோலில் தைத்தோம். எங்கள் கராஜில் இன்றும் ஒரு ஏ40 நிற்கிறது. அப்பா வாங்கியபோது இருந்தது என்று நான் சத்தியம் பண்ணக்கூடியவை கூரைத் தகடு, ஸ்ரியரிங் வளையம், டாஷ்போர்ட்டில் பொருத்திய சின்னப் பிள்ளையார். ஆனாலும் ஊரில் யாரைக் கேட்டாலும் 'மாஸ்ரரின்ர கார்' என்றுதான் சொல்வார்கள், அதை முதலில் வைத்திருந்த வாத்தியார் காலமாகி நாற்பது வருடமாகியும்.

விமானத்திலும் இதேதான், கொஞ்சம் சட்டத்தோடு. பி9374 என்ற இலக்கமுள்ள ஸ்பிற்ஃபயர் 1940 மேயில் பிரான்சில் கலே கடற்கரை மணலில் இறக்கப்பட்டுப் புதைந்துபோனது. 1980இல் மணல் விலகி எலும்புக்கூடு தெரிந்தது. 2011இல் அது பறந்தது! 2015இல் லண்டனில் ஏலத்தில் 31 லட்சம் பவுணுக்குப் போனது. பணம் தர்ம காரியங்களுக்குக் கொடுக்கப்பட்டது. நாற்பது வருடம் உப்புமணலில் கிடந்த உலோகத்தில் எவ்வளவு பறக்கும் என்று யோசியுங்கள். அடையாளம் பழசு, வரலாறு பழசு, இரும்பும் அலுமினியமும் பெரும்பாலும் புதுசு.

மொஸ்கிற்றோவின் கதை இன்னும் சுவை. அது மர விமானம். பால்சா மரத்தை நடுவில் வைத்து இரண்டு பக்கமும் மெல்லிய பலகை ஒட்டிச் செய்தது. போர்க்காலத்திலேயே இந்தியாவின் வெக்கையிலும் ஈரத்திலும் பசை விட்டு விழுந்தவை உண்டு. ஐம்பது அறுபது வருடம் கிடந்த மரத்தை நம்பி யார் பறப்பார்? அதனால் நியூசிலாந்தில் ஒருவர் பழைய வரைபடங்களைப் பார்த்துப் புதிய அச்சுகள் செய்தார். அந்த அச்சில் புது மர உடம்பும் இறக்கையும் வார்த்து, பழைய உலோகப் பாகங்களைப் பொருத்தி, 2012இல் பறக்கவிட்டார்கள். பார்ட்டனுக்குப் பிறகு பதினாறு வருடம் ஆகாயத்தில் மொஸ்கிற்றோ இல்லை, பிறகு இருந்தது. தச்சன் பரம்பரை உள்ள ஊரில் இருந்து பார்க்கிற எனக்கு அந்த அச்சுத்தான் பெரிய காரியமாகத் தெரிகிறது. விமானம் மறுபடி விழுந்தாலும் கைவேலை மிஞ்சும்.

அப்ப எதைப் பறக்கவிடலாம், எதைத் தொடக்கூடாது?

என்னுடைய தீர்ப்பு எளிது. அதில் இன்னும் எவ்வளவு 'அந்த நாள்' மிச்சம் இருக்கிறது என்று பாருங்கள். அந்த நாளின் பெயின்ற், ஒட்டுத் தகடு, கீறல் அப்படியே இருந்தால் கை வைக்காதீர்கள். அது விமானம் மட்டுமல்ல, ஆவணம். ஏற்கனவே உடைந்து, வேறு பத்தில் இருந்து பாகம் எடுத்துக் கோத்ததாக இருந்தால் தாராளமாகப் பறக்கவிடுங்கள்.

அமெரிக்காவில் சிமித்சோனியன் நூதனசாலையிடம் 'ஃபிளாக் பெயிற்' என்ற பி-26 குண்டுவீச்சு விமானம் இருக்கிறது. இருநூறுக்கு மேற்பட்ட தாக்குதல்களுக்குப் போய் வந்தது. உடம்பு முழுக்க ஓட்டை அடைத்த ஒட்டுகள். அதைப் புதுசாக்காமல் அந்த அழுக்கு, அந்தப் பெயின்ற் கழராமல் பாதுகாப்பதுதான் அவர்கள் எடுத்த முடிவு. கையெடுத்துக் கும்பிடலாம். ஒகாயோவில் டேற்றன் நூதனசாலையில் 'மெம்பிஸ் பெல்' என்ற பி-17. 25 தாக்குதல்களை முடித்ததும் 1943இல் அமெரிக்கா முழுக்க ஊர்வலம் போன விமானம். அதைத் திருத்தும்போது பெயின்றுக்குக் கீழே அலுமினியத்தில் கீறிய பெயர்கள் தெரிந்தன. ஊர்வலத்தில் தொட்டுப் பார்க்க வந்த சனங்கள் கீறியவை. பறக்கவிடும் கராஜில் என்றால் அந்தத் தகடு 'சேதம்' என்று கழன்றிருக்கும். இங்கே அதுதான் பொக்கிஷம்.

லண்டன் ஹென்டனில் ஒரு ஹலிபக்ஸ் இருக்கிறது. 1942இல் நோர்வேயில் உறைந்த ஏரியில் இறங்கி, மூழ்கி, 1973இல் எடுக்கப்பட்டது. திருத்தவே இல்லை. முறிந்த விலா எலும்போடு அப்படியே கிடத்தியிருக்கிறார்கள். படத்தில்தான் பார்த்திருக்கிறேன். பளபளக்கும் பத்து ஸ்பிற்ஃபயர்களைவிட அது அதிகம் சொல்கிறது.

எரிந்த நூலகத்தைத் திருத்திக் கட்டினோமே, அதையும் அப்படியே விட்டிருக்க வேண்டுமா?

ஒரு பல்கலைக்கழகப் பிள்ளை கேட்டது. நல்ல கேள்வி என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி ஊற்றப் போய்விட்டேன், யோசிக்க நேரம் வேண்டியிருந்தது.

1981இல் எரிந்த கட்டிடத்தைச் சாட்சியாக அப்படியே விடவேண்டும் என்று சொன்னவர்களும் இருந்தார்கள், திருத்தியே ஆகவேண்டும் என்றவர்களும் இருந்தார்கள். கடைசியில் வெள்ளைச் சுவரும் குவிமாடமுமாக மறுபடி எழுந்தது. பிள்ளைகள் உள்ளே இருந்து படிக்கிறார்கள். நூலகம் வாசிக்கிறவர்களுக்கு வேண்டும், ஒரே ஊருக்கு ஒரே நூலகம், திருத்தியது சரி என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் இன்றைக்கு அங்கே போகும் சின்னப்பிள்ளைக்குச் சுவர் எதையும் சொல்லாது. நாங்கள்தான் பக்கத்தில் நின்று சொல்ல வேண்டும். கறுத்த ஒரு சுவரையாவது விட்டிருந்தால் எங்கள் வாய்க்கு வேலை குறைந்திருக்கும். விமானத்துக்கு அந்த நெருக்கடி இல்லை. ஸ்பிற்ஃபயரில் ஒருவரும் சோதனைக்குப் படிப்பதில்லை. பறக்க ஒன்றும், காயத்தோடு நிற்க ஒன்றுமாக இரண்டையும் வைத்துக்கொள்ளலாம்.

நம் பக்கத்தில், இந்தியாவில், இப்படி எதுவும் நடந்ததா?

நடந்தது, அதுவும் உலகமே கடன்பட்டிருக்கும் அளவுக்கு. போர் முடிந்ததும் பிரித்தானியர் லிபரேற்றர்களைக் கான்பூரில் குவித்து, இனிப் பறக்காதபடி சேதப்படுத்திவிட்டுப் போனார்கள். அமெரிக்காவிடம் இரவல் வாங்கிய விமானங்கள் அவை. வேறு யாரும் பாவிக்கக் கூடாது என்பது நோக்கம். பெங்களூர் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் ஆட்கள் அந்தக் குவியலில் இருந்து ஏறத்தாழ நாற்பதைத் தேற்றி எடுத்தார்கள். கான்பூரில் ஒப்பேற்றி, பெங்களூருக்குப் பறந்தே கொண்டுபோய் முழுசாகத் திருத்தினார்கள். இந்திய விமானப்படை அவற்றை 1968 வரை பறத்தியது. மற்ற நாடுகள் தங்கள் லிபரேற்றர்களை உருக்கிச் சட்டி பானை செய்துவிட்டிருந்தன. அதனால் பிறகு பிரித்தானியா, கனடா, அமெரிக்கா எல்லாம் நூதனசாலைக்கு ஒன்று வேண்டும் என்று இந்தியாவிடம்தான் வந்தன. அவற்றில் ஒன்று 1989இல் அமெரிக்காவில் மறுபடி பறந்தது. நூதனசாலைக்காக ஒருவரும் அவற்றைக் காப்பாற்றவில்லை. வேலைக்கு வேண்டியிருந்தது, ஓடவிட்டார்கள், அதனால் மிஞ்சின. எங்கள் ஏ40 மிஞ்சியதும் அப்படித்தான்.

இன்னொன்று, வாரணாசி. பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் மாணவர் பார்ப்பதற்கென்று ஒரு ஹரிக்கேன் கொடுக்கப்பட்டு, பிறகு செடிகொடிக்குள் கிடந்தது. ஆர்4118. 1940இல் இங்கிலாந்து ஆகாயச் சண்டையில் உண்மையாகவே பறந்தது. பீற்றர் வாச்சர் என்ற ஆங்கிலேயர் 1982இல் அதைக் கண்டார். இவரோ பழைய ரோல்ஸ்-ரோய்ஸ் கார் தேடிப் போனவர்! அனுமதி வாங்கிக் கொண்டுபோகவே இருபது வருடம் ஆனது. 2004 டிசம்பரில் பறந்தது. காரைத் தேடிப் போனவனுக்கு விமானம் கிடைத்த கதையை நான் கராஜில் எத்தனை தடவை சொன்னாலும் அலுப்பதில்லை.

இந்திய விமானப்படையின் பழைய விமானப் பிரிவில் 2018இல் சேர்ந்த டகோட்டா என்ற போக்குவரத்து விமானம் 'பரசுராமா'வும் இங்கிலாந்தில் திருத்தி, அங்கிருந்து பறந்தே வந்தது.

இலங்கையில் எங்கே பார்க்கலாம்?

இரத்மலானை விமானப்படை நூதனசாலை. அங்கே நிற்கும் பழைய பயிற்சி விமானம் பலியொல்லின் மூக்கைப் பாருங்கள். அதற்குள் இருப்பது மேர்லின் எஞ்சின், ஸ்பிற்ஃபயர், ஹரிக்கேன், லங்காஸ்ரர் எல்லாவற்றுக்கும் உயிர் கொடுத்த அதே குடும்பம். யாழ்ப்பாணத்தில் நாவலர் வீதி நூதனசாலையில் விமானம் இல்லை, ஆனாலும் போய்ப் பாருங்கள்.

பழைய போர் விமானத்தை ரசிப்பதற்கு உங்களுக்கு வெட்கமாக இல்லையா? எங்கள் தலையில் குண்டு போட்டதும் விமானம்தானே?

இந்தக் கேள்வி கோபத்தோடு வந்தது. கோபம் நியாயமானது.

சில வருடங்களுக்கு முன் ரொறன்ரோவில் மச்சான் வீட்டுக்குப் போயிருந்தேன். ஒரு மணித்தியாலக் கார் ஓட்டத்தில் ஹமில்ரன் நூதனசாலை. அங்கே லங்காஸ்ரர் நிற்கிறது. நம் ஆட்கள் வந்திறங்கும் பியர்சன் விமான நிலையத்துக்கு அருகே, மால்ரனில், 1945இல் செய்யப்பட்டது. கிட்டப் போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு எஞ்சினுக்குக் கீழேயும் தரையில் ஒரு தட்டு வைத்திருந்தார்கள், எண்ணெய் சொட்டுவதற்கு. சரியாக என் ஏ40க்குக் கீழே நான் வைப்பது மாதிரி. சிரிப்பு வந்துவிட்டது. என் கார் 1200 சிசி, மேர்லின் ஒன்றே 27 லீற்றர். நாலும் சேர்ந்தால் தொண்ணூறு ஏ40.

அன்று அது பறக்கும் நாள். வெளியே இழுத்து வந்து ஸ்ரார்ட் பண்ணினார்கள். ஒவ்வொரு எஞ்சினாக இருமி, நெருப்புக் கக்கி, பிடித்தது. நாலும் ஒன்றாக வந்ததும் நெஞ்சுக்குள் தபேலா. நான் சின்னப்பிள்ளை மாதிரி வாயைத் திறந்தபடி நின்றேன். திரும்பிப் பார்த்தால் மச்சாளைக் காணவில்லை. உள்ளே, கண்ணாடிக் கதவுக்கு அப்பால், சுவரில் முதுகைச் சாத்தி நின்றார். '95 இடம்பெயர்வு வரை ஊரில் இருந்தவர். "எனக்கு உந்தச் சத்தம் வேண்டாம் அண்ணை, நீங்கள் போய்ப் பாருங்கோ" என்றார்.

பொம்மர், ஹெலி, சகடை என்று சத்தத்தை வைத்தே பெயர் சொல்லி பங்கருக்குள் ஓடிய ஊர் இது. ரசிகர்கள் மேர்லினின் சத்தத்தை 'சங்கீதம்' என்பார்கள். அதே எஞ்சின் சத்தத்தை, குண்டு விழுந்த ஜெர்மன் நகரங்களான ஹம்பேர்க்கிலும் டிரெஸ்டனிலும் கேட்டவர்களுக்கு அது சங்கீதமில்லை. பறக்கவிடுகிறவர்கள் இதை அடிக்கடி மறந்துபோகிறார்கள். வெயில், ஐஸ்கிறீம், கைதட்டல், பிளேன் ஒரு சுற்றுச் சுற்றிப் போய்விடும். கீழே இருந்தவன் கதை அந்தச் சுற்றில் வராது. நூதனசாலையில் அதற்கு இடம் இருக்கிறது, ஒரு பலகை, ஒரு படம், ஒரு பெயர்ப்பட்டியல். அங்கேயும் சண்டை வரும். ஹிரோஷிமாவில் குண்டு போட்ட 'எனோலா கே'யை வொஷிங்டனில் காட்சிக்கு வைக்க முயன்றபோது, குண்டுக்குக் கீழே இருந்தவர்களைப் பற்றி எவ்வளவு சொல்வது என்பதில் பெரிய சர்ச்சையாகி, 1995இல் கண்காட்சியையே சுருக்கினார்கள்.

வெட்கமாக இருக்கிறதா என்றால், கொஞ்சம் இருக்கிறது. ஆனாலும் அந்த எஞ்சினைச் செய்த கையை என்னால் ரசிக்காமல் இருக்க முடியவில்லை. மச்சாளோடு வீட்டுக்கு வரும்வரை விமானத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை, அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இல்லையா?

இருக்கிறது. எஞ்சினை ஓட்டலாம், தரையில் உருளவிடலாம், எழும்பவிடாமல் இருக்கலாம். இங்கிலாந்தில் ஈஸ்ற் கேர்க்பியில் 'ஜஸ்ற் ஜேன்' என்ற லங்காஸ்ரர் பல வருடமாக இப்படித்தான் உருள்கிறது. போரில் அண்ணனைப் பறிகொடுத்த இரண்டு விவசாயச் சகோதரர்கள் அவன் நினைவாக வாங்கிய விமானம் அது. இப்போது அதையும் பறக்கவைக்க வேலை செய்கிறார்கள். ஆசை யாரை விட்டது?

புதிதாகவே ஒன்று செய்வது இன்னொரு வழி. மெசர்ஸ்மிற் 262 என்ற, போருக்கு வந்த முதல் ஜெற் சண்டை விமானத்தின் பழைய எஞ்சின் இருபத்தைந்து மணித்தியாலம் தாங்கினாலே பெரிய விஷயம். அமெரிக்காவில் அதே வடிவத்தில் புதுசாகச் சிலவற்றைச் செய்து நவீன எஞ்சின் பூட்டிப் பறந்தார்கள். பழசு நூதனசாலையில் நிம்மதியாக நிற்கிறது.

வலையில் பழைய விமானத் துண்டு சிக்கினால் என்ன செய்வது?

முதலில் தொடாதீர்கள். வெடிபொருள் இருக்கலாம். இது நம் கடலில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. இடத்தைக் குறித்துக்கொண்டு பொலிசுக்கோ கடற்படைக்கோ அறிவியுங்கள். விமானிகளின் எச்சங்களும் அதற்குள் இருக்கக்கூடும்.

இரண்டாவது, கரைக்கு எடுத்துக் கழுவிக் காயவைத்தால் முடிந்தது என்று நினைக்காதீர்கள். கடலுக்குள் எழுபது வருடம் நிதானமாகக் கிடந்த அலுமினியம், உப்பு உள்ளே ஊறியிருப்பதால், காற்றுப் பட்டதும் வேகமாக அரிக்கும். 2013இல் இங்கிலாந்துக் கடலில் இருந்து ஒரு ஜெர்மன் டோர்னியர் 17ஐத் தூக்கினார்கள். மிஞ்சியிருப்பதாகத் தெரிந்த ஒரே ஒன்று. கொஸ்ஃபோர்ட் நூதனசாலையில் பிளாஸ்ரிக் கூடாரத்துக்குள் வைத்து சிற்றிக் அமிலக் கரைசலை வருடக்கணக்காகத் தெளித்தார்கள். எலுமிச்சம்பழப் புளிதான். எங்கள் அம்மா குத்துவிளக்குக்குத் தேய்த்ததும் அதே குடும்பம்.

ஆசைப்பட்டு அவசரப்பட்டால்?

கிறீன்லாந்தில் 1947இல் இறங்கிய 'கீ பேர்ட்' என்ற பி-29 பனியில் கெடாமல் கிடந்தது. 1994இல் ஒரு கூட்டம் போய் அங்கேயே எஞ்சின் மாற்றி, ரயர் மாற்றி, 1995இல் அதை ஓடவிட்டது. உள்ளே துணை மின் இயந்திரத்தின் எரிபொருள் சிந்தித் தீப்பிடித்தது. கிட்டத்தட்ட ஐம்பது வருடம் பனி காப்பாற்றியதை ஒரு மத்தியானத்தில் எரித்தார்கள். அதே கிறீன்லாந்தில் 268 அடி பனிக்குக் கீழே இருந்து ஒரு பி-38 சண்டை விமானத்தைத் துண்டுதுண்டாக மேலே எடுத்து, பத்து வருடம் ஆறுதலாக வேலை செய்து, 2002இல் பறக்கவிட்டவர்களும் உண்டு. கராஜில் 'நாளைக்கு வேணும்' என்று நிற்பவர்களுக்கு நான் சொல்லும் கதை இது.

உங்கள் ஏ40ஐ நூதனசாலைக்குக் கேட்டால் கொடுப்பீர்களா?

கேட்டார்கள். கலியாண ஊர்வலத்துக்கும் கேட்கிறார்கள். கூரைத் தகட்டில் ஷெல் துண்டு போன ஒரு ஓட்டை இருக்கிறது, அப்பா உள்ளே இருந்து ஈயம் வைத்து அடைத்தது. கலியாணக்காரர் அதைப் பூசி மறைத்துத் தரச் சொல்கிறார்கள். மாட்டேன் என்றுவிட்டேன். வெள்ளிக்கிழமைகளில் நல்லூர் வரை ஓட்டிவிட்டு வந்து, கீழே எண்ணெய்த் தட்டை வைத்து, சாக்கால் மூடி வைக்கிறேன்.